வயிறு கேட்குதா, வாய் கேட்குதா: கொறிக்கும் பழக்கத்துக்கு எந்த வழி எடுபடும்?

கொறிப்பதை நிறுத்தப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு யோசனை வரும். "வாங்கி வைக்காத, தின்ன மாட்ட" என்பார் அப்பா. "பதினாறு மணி நேரம் சாப்பிடாம இருங்கண்ணே, தானா சரியாயிடும்" என்பான் ஜிம்முக்குப் போகும் தம்பி. "மிக்சருக்குப் பதிலா மக்கானா சாப்பிடு" என்று அல்லி வகைச் செடியின் விதைப் பொரியைக் காட்டுவாள் அக்கா. "காலையில ரெண்டு முட்டை சேர்த்துக்கோ, நாலு மணிக்கு டப்பா பக்கமே போக மாட்ட" என்பது இன்னொரு கட்சி. இப்போது பசியை அடக்கி எடை குறைக்கும் ஊசி என்று புதுக்கட்சி ஒன்றும் வந்திருக்கிறது. நான் முட்டைக் கட்சிக்காரன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கட்சியும் எல்லாத் தொகுதியிலும் ஜெயிக்காது.

எதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு முன், நமக்கு வருவது எந்தப் பசி என்று பார்க்க வேண்டும். வயிறு காலியானால் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஏறும். சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். பதினொரு மணிக்கு பிஸ்கட் தின்று பழகியவருக்குப் பதினொரு மணிக்கு வயிறு கூப்பிடுவது இதனால்தான். வாய் நமநமப்பது வேறு சங்கதி. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஏதாவது இனிப்பு இருக்கா என்று ஷெல்பைத் துழாவ வைப்பது அதுதான். எனக்குத் தெரிந்த எளிய சோதனை: "பழைய சோறும் வெங்காயமும் இருக்கு, போடட்டுமா?" என்று உங்களையே கேளுங்கள். சரி என்று தோன்றினால் பசி. அது வேண்டாம், காராசேவுதான் வேண்டும் என்றால் வாய்.

வாங்கவே கூடாது

இந்த வழியின் பலம், மனக்கட்டுப்பாடு தேவைப்படும் நேரத்தை மாற்றிவிடுவது. ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி முன்னால் வாயைக் கட்டுவதைவிட, காலையில் மளிகைச் சீட்டு எழுதும்போது ஒரு வரியை அடிப்பது சுலபம். தனியாக இருப்பவர்களுக்கு நன்றாகவே எடுபடும். குடும்பத்தில் கஷ்டம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும், அத்தைக்கு காபியோடு ரெண்டு மேரி பிஸ்கட் வேண்டும், ஊரிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். முன்பு வீட்டில் இல்லையென்றால் இல்லைதான். செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போகச் சோம்பலாக இருக்கும். இப்போது போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் வாசலில் சிப்ஸ் வந்து நிற்கிறது. டெலிவரி ஆப்பை அழிக்காமல் டப்பாவை மட்டும் காலி செய்து பயனில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் "சின்னத் தட்டில் சாப்பிடு, கண்ணில் படாமல் வை" வகை அறிவுரைகளைக் கொஞ்சம் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றை உலகம் முழுக்கப் பிரபலப்படுத்தியதில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நடத்தியவர் ஆய்வு ஒழுங்கை மீறினார் என்று 2018-இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. அதனால் டப்பாவைப் பரணில் வைக்கக் கூடாது என்றில்லை, தாராளமாக வைக்கலாம். அறிவியல் நிரூபித்துவிட்டது என்று மட்டும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பதினாறு மணி நேரப் பட்டினி

இதன் மேல் ஒரு மாய ஒளி படிந்திருக்கிறது. 2022-இல் சீனாவின் குவாங்சோ நகரில் உடற்பருமன் உள்ள 139 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வு வெளியானது. இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும். இரண்டு குழுவுமே எடை குறைந்தன. குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, கடிகாரம் தனியாக எதையும் எரித்துவிடவில்லை.

ஆனால் கொறிப்பவருக்கு இந்த முறையில் வேறொரு லாபம் இருக்கிறது. "குறைவாகச் சாப்பிடு" என்ற விதியோடு பேரம் பேசலாம், ஒன்றே ஒன்று என்று ஆரம்பிக்கலாம். "ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிடையாது" என்ற விதியோடு பேச ஒன்றுமில்லை. ராத்திரியில் மட்டும் கொறிக்கிறவருக்கு இது பொருந்தும். நாள் முழுக்கக் கொறிக்கிறவருக்கு, பதினெட்டு மணி நேரத்தில் தின்றதை எட்டு மணி நேரத்தில் தின்பதில்தான் பெரும்பாலும் போய் முடிகிறது. நம் ஆட்கள் காலை டிபனைத் தியாகம் செய்து பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறார்கள். மாலை பஜ்ஜியும் ராத்திரி பரோட்டாவும் அப்படியே சட்டத்துக்கு உட்பட்டு நிற்கின்றன. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. மயக்கம் போட்டு விழும் ஆபத்து நிஜம்.

இதற்கு நேர் எதிரான யோசனை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது. அப்படிச் செய்தால் உடலின் எரிப்பு கூடும் என்பார்கள். செரிமானத்துக்கு உடல் செலவழிப்பது சாப்பிட்ட மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே சாப்பாட்டை மூன்றாகப் பிரித்தாலும் ஆறாகப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான். கொறிக்கும் பழக்கம் உள்ளவரிடம் இதைச் சொல்வது அவருக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

மாற்றுத் தீனி

எல்லோருக்கும் பிடித்த வழி இது. எதையும் விட வேண்டியதில்லை, மாற்றினால் போதும் என்கிறது. எது மாற்றாகக் கைக்கு வருகிறது என்பதில்தான் ஏமாற்றம். சிறுதானிய பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகம் உள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கிக் கேழ்வரகு கடைசியில் தலைகாட்டினால், நீங்கள் வாங்கியது கேழ்வரகுப் படம் போட்ட மைதா பிஸ்கட். மக்கானாவும் வெறுமனே வறுத்தால் சரி. மசாலா தூவி எண்ணெயில் புரட்டிப் பாக்கெட்டில் வந்தால் சிப்ஸின் சித்தப்பா பிள்ளைதான்.

உண்மையில் உதவும் மாற்று நம் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு பெரிய கைப்பிடி மிக்சர், 30 கிராம் என்று வைத்துக்கொண்டால், 150 கலோரிக்கு மேல் போகும். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமும் ஏறக்குறைய அவ்வளவுதான், தாளிப்பு எண்ணெய் தனி. மிக்சர் இரண்டு நிமிடத்தில் மறைந்து கை மறுபடியும் டப்பாவுக்குள் போகும். சுண்டலை ஒவ்வொன்றாக மென்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். எட்டு ஒன்பது கிராம் புரதமும் நல்ல அளவு நார்ச்சத்தும் உள்ளே போகும். இன்னொரு கிண்ணம் கேட்கத் தோன்றாது. நவராத்திரியில் ஒன்பது நாளும் சுண்டல் சாப்பிட்டும் யாரும் சுண்டலுக்கு அடிமையானதாகக் கேள்விப்பட்டதில்லை.

மிக்சர் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? ஒரே சுவையைத் தொடர்ந்து தின்றால் நாக்குக்கு அது சீக்கிரம் சலிக்கும். சுவை மாறினால் மறுபடி இடம் கிடைக்கும். கல்யாண வீட்டில் சாப்பாடு இறங்காதபோதும் பாயசம் இறங்குவதற்கு இதுவே காரணம். மிக்சரில் ஓமப்பொடி, காராபூந்தி, நிலக்கடலை, அவல், பொரித்த கறிவேப்பிலை என்று ஒவ்வொரு பிடியும் வேறு சேர்க்கை. நாக்கு சலிப்பதற்கு வாய்ப்பே கொடுக்காத தயாரிப்பு. கொறித்தே தீர வேண்டுமென்றால் வெறும் பொட்டுக்கடலை, வெறும் அவித்த கடலை, ஒரு கொய்யா என்று ஒற்றைப் பொருளாக எடுங்கள். கடலையைத் தோலோடு வாங்குங்கள். உரிக்க வேண்டியிருப்பதால் கை மெதுவாகும், தட்டில் சேரும் தோல் எவ்வளவு தின்றோம் என்று காட்டிக் கொடுக்கும்.

சாப்பாட்டையே கனமாக்குவது

1995-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை, எல்லாவற்றையும் ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் எது எவ்வளவு பசி தாங்குகிறது என்று அளந்தார்கள். வெள்ளை பிரெட்டுக்கு 100 மதிப்பெண் என்றால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323. அதே கிழங்கு சிப்ஸானபோது 91. மீனுக்கு 225, ஆரஞ்சுக்கு 202, முட்டைக்கு 150. நிலக்கடலைக்கு 84தான், நான் மேலே சிபாரிசு செய்த கடலைக்கு இது கொஞ்சம் சங்கடம். கொழுப்பு அதிகம் என்பதால் அதே கலோரிக்குக் கடலை கையளவுதான் வரும், வயிற்றில் இடம் அடைக்காது. ஒவ்வொரு உணவையும் சோதித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்பதால் எண்களை வேதமாக்க வேண்டாம். ஆனால் பொதுவான போக்கு தெளிவு: தண்ணீர், நார், புரதம் உள்ள உணவு தாங்குகிறது, எண்ணெயும் மாவும் சேர்ந்த உணவு தாங்குவதில்லை.

2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருபது பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் சமைத்த இயல்பான உணவு என்று கொடுத்தார்கள். முன்னால் வைத்த தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவின்போது ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். அதே மனிதர், அதே மனக்கட்டுப்பாடு, தட்டு மட்டும்தான் வேறு. "எனக்கு வில் பவர் இல்லை" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஆய்வைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் காலை டிபனை இந்தக் கண்ணோடு பாருங்கள். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: புரதம் எட்டு கிராம் பக்கம்தான் தேறும். பதினொரு மணிக்கு வயிறு கூப்பிடாமல் என்ன செய்யும்? இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12 கிராம். முட்டை ஆகாதென்றால் சட்னியைக் குறைத்துப் பருப்பும் காயும் நிறைந்த கெட்டி சாம்பார் ஒரு கிண்ணம், அல்லது இட்லிக்குப் பதில் அடை, பெசரட்டு. மதியம் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் கூட்டு, சுண்டல், மீன் எதையாவது ஏற்றலாம்.

பசித்தால் தண்ணீர் குடி என்பார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1999-இல் இதைச் சோதித்தார்கள். அரிசியும் கோழியும் காயும் சேர்ந்த பதார்த்தத்தை ஒருநாள் தனியாக, ஒருநாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு, ஒருநாள் அதே தண்ணீரை ஊற்றி சூப்பாக்கிக் கொடுத்தார்கள். தனியாகக் குடித்த தண்ணீர் அடுத்த சாப்பாட்டைக் குறைக்கவில்லை. சூப் சாப்பிட்ட நாளில் மட்டும் நூறு கலோரி அளவுக்குக் குறைந்தது. வடிகட்டிய ரசத்துக்கு இந்தப் பலனை எதிர்பார்க்காதீர்கள்; காயும் பருப்பும் மிதக்கிற சூப்பாக இருக்க வேண்டும்.

ஊசியைப் பற்றிச் சுருக்கமாக. டிர்செபடைடு (மவுஞ்சாரோ) 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளூடைடு (வெகோவி) ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. சாப்பாட்டைப் பற்றிய நினைப்பே ஓய்ந்துவிடுகிறது என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் செமாகுளூடைடை நிறுத்தி ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வுகள் காட்டின. உடற்பருமன் நோயாக இருப்பவருக்கு, டாக்டர் மேற்பார்வையில், இது மருந்து. மிக்சர் டப்பாவுக்காகப் போட்டுக்கொள்வது அதிகப்படி.

என் தீர்ப்பு: காலையும் மதியமும் சாப்பாட்டைக் கனமாக்கி, மாலை நாலு மணிக்கு ஒரே ஒரு தீனியை நேரம் குறித்து, கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுவது. வயிறு கேட்பதற்கு இது போதும். வாய் கேட்பதை இது தொடாது, அதற்கு வேறு வழி வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில், பதினைந்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவர்கள், நடக்காதவர்களைவிடப் பாதி அளவு சாக்லேட்தான் தின்றார்கள். மொட்டை மாடியில் கால் மணி நேரம் வேகமாக நடந்தால் போதும், ஜிம் தேவையில்லை.

தூக்கம் கெட்டால் மட்டும் எந்தக் கட்சியும் ஜெயிப்பதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2004-இல் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்தது. பத்து மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால், கிரெலின் 28 சதவீதம் ஏறியது, போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களைப் "ஏன் இப்படித் தின்கிறாய்" என்று கேட்பது நியாயமில்லை. எப்போதும் இல்லாத பசி திடீரென்று வந்து, தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் சேர்ந்தால், இந்த ஒப்பீட்டையெல்லாம் மூடி வைத்துவிட்டு முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மாத்திரைகளும் பசியைக் கிளப்பும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள்.