நைட்ரைல் கையுறை: மருந்து அடிப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்

பூச்சிமருந்து அடிப்பதே தொழிலாக இருப்பவர்களுக்கு ஏற்ற கையுறை, நைட்ரைல் என்பது ஒரு வகை செயற்கை ரப்பர். முழங்கைக்குப் பக்கம் வரை வருகிறது, தடிமன் 0.38 மில்லிமீட்டர், முக்கியமாக உள்ளே துணி ஒட்டவில்லை. துணி ஒட்டியது மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தோலில் உரசும், அந்தப் பக்கமே போகாதீர்கள். கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், தண்ணீர் சேராத மருந்து அப்படியே கையில் படும். மூடியைத் திருகும்போது இது வழுக்கவே இல்லை. நாசிலில் (தெளிப்பானின் முனையில்) அடைப்பு எடுக்கத்தான் கொஞ்சம் சிரமம், அதற்காகக் கழற்றிவிடாதீர்கள், வாயால் ஊதவும் கூடாது. உள்ளே நன்றாக வியர்க்கிறது. அப்புறம், கையில் மாட்டியிருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். எல்லா மருந்தையும் நைட்ரைல் தாங்காது, மருந்தின் லேபிளில் எந்த வகைக் கையுறை போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள், பல நாடுகளில் சட்டமும் லேபிளில் சொன்ன கையுறையைத்தான் கேட்கிறது.