வெளிநாட்டுக் கச்சேரி, கூடவே ‘நேரில் சந்திப்பு’: வேலூர் பக்கத்து ரசிகர்கள் பணம் கட்டுவதற்கு முன் படிக்கவும்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் பக்கம் இருக்கிற இசை ரசிகர்களுக்காக எழுதுகிறேன். வெளிநாட்டுக் கச்சேரிக்கு விமான டிக்கெட், ஹோட்டல், அரங்க டிக்கெட் எல்லாம் சேர்த்து, “முடிஞ்சதும் அவரை நேர்ல பார்க்க வைக்கிறோம்” என்று யாராவது பேக்கேஜ் விற்றால், எழுத்தில் ஆதாரம் பார்க்கும்வரை அந்தச் சந்திப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதற்காக மட்டும் எங்கள் வீட்டிலிருந்து 70,000 ரூபாய் போயிருக்கிறது.

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித்தில் உள்ள அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அதற்குத்தான் நானும் அண்ணனும் போனோம்.

அண்ணன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். வேலூர் புஷ்பப் பல்லக்கு, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா என்று விடிய விடிய ராஜா பாட்டு வாசித்தே வயதானவர். கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பாட்டுகளின் இடையிசையை ஒரு நீளக் கணக்கு நோட்டில் ஸ்வரமாக எழுதி வைத்திருக்கிறார். வயலின் வரி நீல மையில், புல்லாங்குழல் சிவப்பில், பேஸ் கிட்டார் பென்சிலில். சந்தேகம் உள்ள இடத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. பல வருடம் கழித்து ஸ்வரம் பிடிபட்டதும் அந்தக் கேள்விக்குறியை அடித்திருப்பார். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ராஜா சார் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இந்த சிம்பொனிக்கு எங்களைப் போன்றவர்கள் தவித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1993-லேயே அவர் எழுதிய ஒரு சிம்பொனியை இதே ராயல் பில்ஹார்மோனிக் குழு வாசித்துப் பதிவு செய்தது. அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்த பிறகு, அவருடைய 81-ஆவது வயதில், சிம்பொனி மேடையேறுகிறது என்ற செய்தி வந்தால் ரசிகன் கடன் வாங்கியாவது போகத்தான் பார்ப்பான். விற்க வருகிறவனுக்கும் இது தெரியும். எங்களுக்கு பேக்கேஜ் விற்ற ஏஜெண்ட் சொன்ன முதல் வார்த்தையே, “இந்த வயசுல மறுபடி இப்படி ஒரு சான்ஸ் வருமாண்ணா?” என்பதுதான்.

ஆற்காடு ரோட்டில் ஒரு மாடியறையில் டிராவல்ஸ் நடத்துபவர் அவர். பெயர் போடவில்லை, வழக்கு நடக்கிறது. அண்ணன் குழுவில் தபேலா வாசிப்பவர் மூலம் அறிமுகம். தலைக்கு 1,95,000 ரூபாய். போகவர விமானம், “லண்டனில்” ஹோட்டல், விசா வேலை, அரங்கில் கீழ்த்தளத்தில் முன்வரிசை இருக்கை. சந்திப்புக்குத் தனியாகத் தலைக்கு 35,000. இதற்கு மேல் டிசிஎஸ் வரி (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) 5 சதவீதம் என்று 23,000. இரண்டு பேருக்கும் சேர்த்து 4,83,000 ரூபாய்.

சந்திப்பு பற்றி அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இப்போதும் என் போனில் இருக்கிறது. “நீங்க கவலையே படாதீங்கண்ணா. புரோகிராம் முடிஞ்சதும் நம்ம ஆளு பின்பக்கமா கூட்டிட்டுப் போவாரு. பத்து நிமிஷம். போட்டோ, கையெழுத்து எல்லாம் ஆயிடும்.” இதை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். “அவங்க லெவல்ல இதெல்லாம் எழுத மாட்டாங்கண்ணா, வாய்வார்த்தைதான்” என்றார். ரசீதில் ‘லண்டன் டூர்’ என்று மட்டும் இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. பணத்தில் பாதி ரொக்கம். மீதியை ஜிபேயில் அவர் மனைவி பெயரில் உள்ள கணக்குக்குப் போடச் சொன்னார்.

விசா விண்ணப்பத்திலேயே ஆளின் தரம் தெரிந்தது. பணம் கட்டுவதற்கு முன் வரைவைக் காட்டுங்கள் என்று நான் பிடிவாதமாகக் கேட்டதால் அனுப்பினார். அண்ணனை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி மேனேஜர் என்று எழுதி, மாதச் சம்பளமாக அவர் கண்ணால் பார்க்காத ஒரு தொகையைப் போட்டிருந்தார். “இசைக்கலைஞர்னு போட்டா விசா வராதுண்ணா.” இது சுத்தப் பொய். இங்கிலாந்து விசாவுக்குப் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் மறுப்பதோடு நிற்காது, பத்து வருடம்வரை தடை விழலாம். கையெழுத்துப் போடுவது நாம். தண்டனையும் நமக்குத்தான், ஏஜெண்டுக்கு இல்லை. மாற்றச் சொல்லி, மெல்லிசைக் கலைஞர் என்றே எழுத வைத்தோம். கச்சேரி வருமானத்துக்கு வங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் பத்திர நகல், அண்ணியும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்கான தாள்கள் எல்லாம் வைத்தோம். விசா வந்தது. உள்ளதை உள்ளபடி எழுதித்தான் வந்தது.

ஹீத்ரோ விமான நிலையத்தில் “நம்ம ஆளு” நின்றார். பார்த்தால் நம் ஊர்ப் பக்கத்துப் பையன், அங்கே படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கிறவர். எங்களை பஸ்ஸில் ஏற்றி ஹோட்டலில் விட்டார். ஹோட்டல் இருந்தது ஸ்லவ் என்ற ஊரில். அது லண்டனே இல்லை, பெர்க்‌ஷயர் மாவட்டம். அரங்குக்குப் போக அங்கிருந்து ரயிலில் பாடிங்டன் வந்து, வேறு ரயில் மாறி ஹேமர்ஸ்மித் போக வேண்டும். சரி, தூரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சந்திப்பு எத்தனை மணிக்கு என்று அந்தப் பையனிடம் கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. “எந்தச் சந்திப்புண்ணா? ஏர்போர்ட்ல இருந்து உங்களை ஹோட்டல்ல விடணும்னுதான் எங்கிட்ட சொன்னாங்க.” அந்தப் பையன் மேல் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. மறுநாள் அவராகவே போன் செய்து, எந்த ரயிலில் மாற வேண்டும், கடைசி ரயில் எப்போது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

அரங்க டிக்கெட் முந்தின நாள் சாயங்காலம்தான் போனுக்கு வந்தது. கீழ்த்தளம் இல்லை, மேல்தளம், பின்வரிசை. டிக்கெட்டில் விலையும் இருந்தது. பேக்கேஜ் கணக்கில் டிக்கெட்டுக்கு என்று எங்களிடம் காட்டிய தொகையில் அது பாதிகூட இல்லை.

இசையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த இரவுக்கு நியாயமாகாது. பின்வரிசையிலிருந்து பார்த்தால் மேடையில் மனிதர்கள் சின்ன உருவங்கள்தான். ஆனால் அத்தனை வயலின் வில்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதை முழுசாகப் பார்க்கலாம். அண்ணன் முழங்காலில் விரல்களால் வாசித்துக்கொண்டே இருந்தார். ராஜா சாருக்கு அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியபோது பேச்சே வரவில்லை அண்ணனுக்கு. அந்த இசைக்காகப் போனது எனக்கு நூறு சதவீதம் சம்மதம். அதை ஒட்டி விற்ற பொய்யைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து, ஏஜெண்ட் சொன்னபடி அரங்கின் பக்கவாட்டுக் கதவுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே ரசிகர் கூட்டம். கதவருகே நின்றவர் எங்கள் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி மறுபடியும் தேடினார். இல்லை. மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்பினார். ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வேலூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நல்ல குளிர். நோட்டைப் பிளாஸ்டிக் கவரோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு அண்ணன் அங்கேயே நின்றார். “இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்டா” என்றார். கடைசி ரயிலுக்கு நேரமானதும் நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். அறுபதைத் தொடும் ஒரு கலைஞனை இப்படி அந்நிய ஊரில் கதவோரம் நிற்க வைத்தார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊருக்குத் திரும்பி ஏஜெண்டிடம் கேட்டபோது, “ஏற்பாட்டாளருங்க கடைசி நேரத்துல கேன்சல் பண்ணிட்டாங்க” என்றார். அப்படியானால் அந்த ரத்து மெயிலைக் காட்டுங்கள், நீங்கள் அவர்களுக்குக் கட்டிய பணத்தின் ரசீதைக் காட்டுங்கள் என்றேன். இரண்டும் இல்லை. அவர் யாரிடமும் எதுவும் வாங்கவே இல்லை. கடையில் கிடைக்கிற சாதாரண டிக்கெட்டை வாங்கி, தன் கையில் இல்லாத ஒரு பொருளை அதோடு கட்டி விற்றிருக்கிறார்.

டிசிஎஸ் விஷயம் இன்னும் மோசம். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் வாங்குபவரிடம் டிசிஎஸ் வசூலிப்பது சட்டப்படி சரிதான். ஆனால் அந்தத் தொகையை நம் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்டியாக வேண்டும். நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அது தெரிய வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். அண்ணனின் ஆடிட்டர் 26ஏஎஸ் எடுத்துப் பார்த்தார். அப்படி ஒரு பதிவே இல்லை. எனக்கும் இல்லை. அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய 23,000-ம் அவர் பைக்குத்தான் போயிருக்கிறது. வெளிநாட்டு டூர் போய்வந்த எல்லோரும், கச்சேரிக்குப் போகாதவர்களும்கூட, உங்கள் 26ஏஎஸ்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதே ஆள் இப்போது சிங்கப்பூர், மலேசியா கச்சேரிகளுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விளம்பரம் போடுகிறார், அதிலும் ‘நேரில் சந்திப்பு’ இருக்கிறது. யார் விற்றாலும் கேளுங்கள்: சந்திப்பை விற்கும் உரிமையை ஏற்பாட்டாளர் உங்களுக்குக் கொடுத்த மெயில் எங்கே? தர முடியாது என்றால் அது வெறும் பேச்சு. அரங்க டிக்கெட்டை முடிந்தவரை அரங்கின் அதிகாரபூர்வத் தளத்தில் உங்கள் பெயரிலேயே நீங்களே வாங்குங்கள். இருக்கை எண் அப்போதே தெரிந்துவிடும். ஹோட்டலின் முழு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு வாங்குங்கள். எஸ்எல் என்று தொடங்கினால் அது ஸ்லவ் பக்கம், லண்டன் நகரம் இல்லை. பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். விசா நிச்சயம் என்று யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. முடிவு அந்த நாட்டு அரசின் கையில்.

நாங்கள் முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாய்ஸ் மெசேஜை ஆதாரமாகக் கொடுக்க அதோடு ஒரு சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அதனால் பழைய போனை மாற்றாமல் வைத்திருக்கிறேன். அந்த மாடியறையில் இதே மாதிரி பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள், எங்கள் வக்கீலிடம் நானே கூட்டிப்போகிறேன்.