விலங்குப் பரிவை அளக்கும் வினாக்கொத்து: திருகோணமலைக்குச் சரிவருமா?

விலங்குகள்மீது ஒருவருக்கு எவ்வளவு பரிவு என்று அளக்க ஆய்வாளர் எலிசபெத் போல் 2000இல் வெளியிட்ட வினாக்கொத்தில் 22 கூற்றுகள். ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறார் என்பதற்கு 1 முதல் 9 வரை 9 படிநிலை. பாதிக் கூற்றுகள் பரிவுக்கு எதிரானவை. அவற்றின் புள்ளியை 10இலிருந்து கழித்த பிறகே கூட்டவேண்டும். மறந்தால் கல்நெஞ்சரும் இரக்கமுள்ளவரும் நடுவில் வந்து நிற்பார்கள். மொத்தம் 22 முதல் 198 வரை.

கருவி நல்லது, ஆனால் செல்லப்பிராணிப் பக்கம் சாய்வு அதிகம். நாயைப் பலர் முன்னால் கொஞ்சி முத்தமிடுவோரைப் பார்த்தால் எரிச்சல் வரும் என்பதற்கு இங்கே "ஓம்" சொல்பவர், திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையில் திரியும் மானின் வாயிலிருந்து பொலித்தீன் பையை இழுத்தெடுப்பவராகவும் இருக்கலாம். அந்த "ஓம்" வழக்கத்தைக் காட்டுகிறது, மனதை அல்ல.

தமிழாக்கும்போது "கவலைப்படுவதில்லை" போன்ற எதிர்மறை வேண்டாம். அதற்கு "இல்லை" என்றால் எந்தப் பக்கமென்று ஆட்கள் குழம்பிவிடுவர். கட்டாக்காலி மாடு, நாய் பற்றிக் கூற்றுச் சேர்த்தால் தனியாகக் கூட்டுங்கள், 198க்குள் கலக்காதீர்கள்.