பழைய பாட்டு: இசைத்தட்டா, சிடியா, கேரவானா, ஆப்பா?

பழைய பாட்டு கேட்க என்ன வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எந்தப் பாட்டு என்றுதான் முதலில் கேட்பேன். சினிமாப் பாட்டென்றால் ஒரு பதில். ஆல்பமாகவே உருவான இசையென்றால் வேறு பதில். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்பியா (நெடுநேரம் ஓடும் இசைத்தட்டு) ஆப்பா என்று சண்டை போடுவதில் பிரயோஜனமில்லை.

சினிமாப் பாட்டுக்குத் தொகுப்பே போதும். நாம் அதைத் தனித்தனிப் பாட்டாகத்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக்காலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான், ஒரு பாட்டோடு சரி. ரேடியோவின் நேயர் விருப்பத்திலும் அப்படித்தான், ஒரு படத்துப் பாட்டுக்கு அடுத்து வேறொரு படத்துப் பாட்டு. 80களில் சென்னையில் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில், கோடு போட்ட தாளில் பாட்டு வரிசையை எழுதி ஒரு காலி 60 நிமிடக் கேசட்டோடு கொடுப்போம். "அறுபதுல பன்னெண்டு பாட்டுதான் சார் அடங்கும், ரெண்டை அடிச்சிடுங்க" என்பார் கடைக்காரர். எதை அடிப்பது என்று வீடே கூடி யோசிக்கும். 'காதல் பாடல்கள்', 'தத்துவப் பாடல்கள்' என்று கம்பெனிகள் போட்ட எந்தத் தொகுப்பும் அந்தக் கேசட்டுகளுக்கு ஈடாகாது என்பேன்.

இன்று அந்த இடத்துக்குப் போட்டி போடுபவை கேரவானும் ஆப்பும். கேரவான் என்பது ரேடியோ போன்ற பாட்டுப்பெட்டி. சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த அதில் 5000 பாட்டுகள் உள்ளேயே இருக்கின்றன. குமிழைத் திருகினால் போதும், நெட் வேண்டாம். பெற்றோருக்கு வாங்குவதென்றால் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த நிறுவனத்திடம் உரிமை உள்ள பாட்டுகள்தான் அதில் கிடைக்கும். சாதாரண மாடலில் பெயர் சொல்லி ஒரு பாட்டை வரவழைக்கவும் முடியாது. ஆப்பில் ஏறக்குறைய எல்லாம் இருக்கிறது, ஒரே பாட்டு நாலைந்து தொகுப்பில் வரும். அங்கேதான் சிக்கலும்.

மறுவெளியீடுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சிலவற்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று தாளத்தின் கூர்மையையும் மழித்துவிடுகிறார்கள். சிலவற்றில் மூலத்தில் இல்லாத எதிரொலியைச் சேர்க்கிறார்கள். டேப்பிலிருந்து மாற்றும்போது வேகம் கூடிவிட்டால் சுருதியே ஏறிப்போகும், பாடகரின் குரல் சற்றுச் சின்னப் பிள்ளை குரல்போல் ஒலிக்கும். சுருதிப்பெட்டியை வைத்து இரண்டு பதிப்பையும் ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். அப்புறம், அட்டையில் பாடகர் பெயரைப் பாருங்கள். வேறொருவர் திரும்பப் பாடியது என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

பக்தி இசையில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் எச்எம்வி வெளியிட்ட வெங்கடேச சுப்ரபாதம் ஏறத்தாழ 20 நிமிடம், எல்பியின் ஒரு பக்கத்துக்குக் கச்சிதம். ஆப்பிலும் அது முழுசாகவே கிடைக்கிறது. இலவசக் கணக்கென்றால் முடிந்த கையோடு சோப்பு விளம்பரம் வரும், அதுதான் கஷ்டம். பஜ கோவிந்தம் எடுத்தால் மட்டும், ராஜாஜியின் முன்னுரை உள்ள பதிப்பாகப் பார்த்து எடுங்கள்.

ஆல்பம் என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம். வி.எஸ். நரசிம்மனின் வயலின்தான் அதன் உயிர். அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு உருப்படி. பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறார். அடுத்த உருப்படி 'அண்ட் வீ ஹேட் எ டாக்', அப்புறம் பேசிக்கொண்டிருந்தோம் என்று. ஆப்பில் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளில் விட்டால் பேச்சு முதலில் வந்துவிடும், சந்திப்பு எப்போது வருமோ தெரியாது. நடுவில் வேறு யாருடைய குத்துப்பாட்டும் நுழையலாம். 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பில் ஒன்றை மட்டும் பிய்த்துப் போட்டாலும் இதே கதிதான். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கும் இது பொருந்தும். இவற்றுக்கு என் ஓட்டு சிடிக்கு. வரிசை குலையாது, தாழ்ந்த ஒலியிலும் கீறல் சத்தம் இருக்காது, நடுவில் எழுந்துபோய்ப் பக்கம் திருப்ப வேண்டாம்.

எல்பிதான் வேண்டும் என்றால் சென்னை சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட்டில் தேடுங்கள். 1985 தீக்குப் பிறகு பழைய கட்டடம் இல்லை, பழைய சரக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். தட்டை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கோடுகளால் பெரிய பாதகமில்லை, நகத்தில் தட்டுப்படும் கீறல் என்றால் வேண்டாம். நம்ம ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்த தட்டைக் கழுவிவிடலாம். ஆனால் படுக்கைவசமாக அடுக்கி வைத்து வளைந்துபோன தட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.