ரூ.2,85,000 போனது: கருவேலத் தூர் எடுக்கப் பழைய மினி டிராக்டர் தேடுவோர் கவனத்துக்கு

இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். கமுதிப் பக்கம் எங்கள் பூர்வீக நிலம் நான்கு ஏக்கரைச் சீமைக் கருவேலத்திடமிருந்து மீட்கச் சேர்த்து வைத்த பணம். அந்தப் பணத்துக்கு வாங்கிய மினி டிராக்டர் இன்று எதற்கும் பயன்படாமல் களத்தில் நிற்கிறது. விற்றது பைபாஸ் சாலையோரம் இருக்கும் ஒரு பழைய டிராக்டர் கடை. புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை.

கரிமூட்டத்துக்கு மரம் எடுத்தவர்கள் முழங்கால் உயரத்துக்குத் தூர்களை, அதாவது வேரோடு நிற்கும் அடிமரங்களை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சீமைக் கருவேலத்தில் தூரை வேரோடு எடுக்காவிட்டால், ஒரு மழைக்குப் பிறகு பக்கமெல்லாம் துளிர்த்து முன்பைவிட அடர்ந்துவிடும். இதை முழுவதும் கடைக்காரரிடம் விளக்கினேன். தூர் தொடைப் பருமன் இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினேன்.

அவர் டீ வரவழைத்தார். தன் அப்பாவும் மானாவாரி விவசாயிதான் என்றார். "அண்ணே, இருபத்திரண்டு எச்.பி., நான்கு சக்கரமும் இழுக்கும். கருவேலத் தூரெல்லாம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. நம் பகுதி ஆட்களிடம் பொய் சொல்லியா நான் பிழைக்க வேண்டும்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மடியில் இருந்த பணத்தை எடுத்தேன். கைபேசியில் ஒரு வீடியோவும் காட்டினார். அதே நிற வண்டி சங்கிலி கட்டி இழுக்க, தூர் அப்படியே பெயர்ந்து வருகிறது. பிறகு அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தூரைச் சுற்றி முன்பே தோண்டிப் பக்க வேர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள்! வண்டியைக் கடையின் சிமென்ட் தரையில் மட்டுமே ஓட்டிக் காட்டினார்கள். அங்கே பின் சக்கரம் மட்டும் இழுத்தாலும் வண்டி நன்றாகவே ஓடும்.

எங்கள் நிலத்தில் முதல் தூரிலேயே பின் சக்கரங்கள் மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கின. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. கடைக்கு போன் செய்தால், "கீழே கட்டினால் இழுக்காது, சங்கிலியை மேலே டாப் லிங்கில் கட்டுங்கள்" என்றார்கள். டாப் லிங்க் என்றால் கலப்பை மாட்ட வண்டியின் பின்னால் மேலே இருக்கும் கம்பி. அப்படிக் கட்டி இழுத்தபோது வண்டியின் முன்பக்கம் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிட்டது. என் தம்பி கிளட்சை மிதித்ததால் உயிர் பிழைத்தான். பணத்தைவிட இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டாப் லிங்கில் கட்டி இழுத்தால் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து ஓட்டுபவர் மேலேயே விழும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அவர் முன் அச்சைத் திறந்தபோது பல்சக்கரத்தில் பற்கள் உதிர்ந்து கிடந்தன. வெளியே புதுப் பெயின்ட், உள்ளே கிரீஸை அப்பி மறைத்திருந்தார்கள்.

அதன் பிறகு கடையில் ஒவ்வொரு முறையும் ஒரு பதில். முதலாளி வெளியூரில் இருக்கிறார். மெக்கானிக் திங்கட்கிழமை வருவார். உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. கடைசியில், பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த "உள்ளது உள்ளபடி" என்ற வரியைக் காட்டினார்கள். அதாவது, பழுது இருந்தால் கடை பொறுப்பல்ல என்றார்கள். டீ கொடுத்த அதே மனிதர், ரூ.2,85,000 வாங்கிய அதே கை, "இனி வராதீர்கள்" என்றது. ஆர்.சி. பெயர் மாற்றமும் இன்னும் நடக்கவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

எந்த வண்டி வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். தொடைப் பருமன் தூருக்கு மினி டிராக்டர் போதாது, ஜே.சி.பி.யை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். வேர் பொறுக்கிய பிறகு மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் ஓட்டத்தான் சின்ன வண்டி. ஃபோர் வீல் டிரைவ் என்றால் ஈர மண்ணில் பாரம் கட்டி, பின் சக்கரம் வழுக்கும்போது முன் சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். உங்கள் மெக்கானிக் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். யார் சொன்னாலும் சங்கிலியை டாப் லிங்கில் கட்டாதீர்கள்.