‘எல்லாக் கடனும் ஒரே இஎம்ஐ’ என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

முகநூலிலும் இன்ஸ்டாவிலும் இப்போது இந்த விளம்பரம் அதிகம் ஓடுகிறது. ‘கார்டு கடன், பர்சனல் லோன், ஆப் லோன் எல்லாவற்றையும் ஒரே இஎம்ஐயாக மாற்றித் தருகிறோம், கடனில் பாதிக்கு மேல் தள்ளுபடி, கலெக்‌ஷன் கால் இனி வராது.’ நம்பர் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போன் வருகிறது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அப்படி ஒரு நிறுவனத்திடம் ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவன் நான். பெயர் போடவில்லை, பெயர் போட்டும் பயனில்லை. இதே வேலையை வேறு வேறு பெயரில் பல பேர் செய்கிறார்கள்.

என் கணக்கு இதுதான். மூன்று கிரெடிட் கார்டில் சேர்ந்து 3,40,000 ரூபாய். ஒரு பர்சனல் லோனில் பாக்கி 2,10,000. கார்டில் மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டிருந்ததால் அசல் அசையவே இல்லை. மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 3,40,000க்கு வட்டியும் வரியுமாக மாதம் 14,000 ரூபாய் சொச்சம் வரும். ஆனாலும் அதுவரை ஒரு தவணைகூட நான் தவறவிட்டதில்லை, கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் 731. இந்த 731 பின்னால் முக்கியமாகப் போகிறது.

போனில் பேசிய பையன் தங்கமாகப் பேசினான். “அண்ணா, மொத்தம் அஞ்சரை லட்சமா? ரெண்டேகால்ல முடிச்சிரலாம். மாசம் 14,000 எங்களுக்குக் கட்டுங்க, பேங்க்கை நாங்க பாத்துக்கிறோம்.” எல்லாக் கடனையும் சேர்த்து அடைக்கக் குறைந்த வட்டியில் ஒரு லோன் போட்டுத் தருவார்கள் என்றுதான் இதைக் கேட்கிற யாருக்கும் தோன்றும். அப்படி எந்த லோனும் கிடையாது. பதிவுக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 17,700. மாதம் கட்டுகிற 14,000த்தில் 4,500 அவர்களுடைய சேவைக் கட்டணம். மீதி 9,500 ‘செட்டில்மென்ட் ஃபண்ட்’ என்று அவர்கள் சொன்ன ஒரு கணக்கில் சேரும். அது ஓரளவு சேர்ந்ததும் பேங்க்கோடு பேரம் பேசுவார்களாம். பேரத்தில் எவ்வளவு குறைகிறதோ அதில் 15 சதவீதம் இன்னொரு கட்டணம். இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஓடிபி போட்டுக் கையெழுத்தான பிறகு மெயிலில் வரும் பதினெட்டுப் பக்க ஒப்பந்தத்தில்.

அப்புறம் வந்ததுதான் முக்கியமான உத்தரவு. “இனி பேங்க்குக்கு ஒரு ரூபாகூட கட்டாதீங்கண்ணா. கட்டினா செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்க மாட்டாங்க.” போனை அவர்கள் நம்பருக்கு ஃபார்வர்டு செய்யச் சொன்னார்கள். கலெக்‌ஷன் ஏஜென்ட் பேசினால் அவர்களுடைய வக்கீல் பதில் சொல்வாராம்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் மாதம் 14,000 இவர்களுக்குக் கட்டுகிறேன். அதே மாதம் கார்டுகளில் வட்டியும் வரியும் 14,000 ஏறுகிறது. அதற்கு மேல் மூன்று கார்டுக்கும் தாமதக் கட்டணம், பர்சனல் லோனுக்கு பவுன்ஸ் சார்ஜ். அரை வருடத்தில் 3,40,000 இருந்த கார்டு பாக்கி நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஃபண்டில் சேர்ந்திருந்தது 57,000. ‘பாதி தள்ளுபடி’ என்பது இப்படி ஊதிப்போன தொகையில்தான், முதலில் வாங்கிய கடனில் இல்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார்கள்.

போன்கள் நிற்கவும் இல்லை. என் நம்பர் ஃபார்வர்டில் இருந்ததால் ஏஜென்ட்டுகள் லோன் படிவத்தில் ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்த நண்பனைக் கூப்பிட்டார்கள், அப்புறம் மாமனாரை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரியைக்கூட இந்த நிறுவனம் எனக்குச் சொல்லித் தரவில்லை. கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துக் கடனைத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி, “ஏனுங்க, வக்கீல் என்னதான் எழுதியிருக்காரு, அதை வாங்கிப் பாருங்களேன்” என்றாள்.

கேட்டு வாங்கினேன். அவர்கள் பேங்க்குக்கு அனுப்பியதாகச் சொன்ன கடிதம் ஒன்றரைப் பக்கம். முதல் பத்தியில் என் பெயர் சரியாக இருந்தது. இரண்டாம் பத்தியில் ‘எமது கட்சிக்காரர் தங்களிடம் பெற்ற வாகனக் கடன்’ என்று வருகிறது. என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர், அதுவும் ரொக்கத்துக்கு வாங்கியது. கடன் எண் என்ற இடத்தில் இருந்தது என் எண் இல்லை. கடைசியில் அனுப்பப்படும் முகவரி என்று கார்டு கொடுத்த பேங்க்குக்குப் பதில் வேறொரு பேங்க்கின் பெயர். யாருக்கோ அடித்த கடிதத்தில் என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாதம் 4,500 ரூபாய் இதற்குத்தான் போயிருக்கிறது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக பேங்க்குக்குப் போனேன். கடன் வசூல் பிரிவில் இருந்த அதிகாரி நிதானமான மனிதர். என் சார்பில் யாரும் பேசியதாகப் பதிவே இல்லை என்றார். “சார், ஒழுங்கா கட்டிட்டு இருந்தப்ப வந்திருந்தா மொத்த பாக்கியையும் 15, 16 பர்சன்ட்டுல தவணையா மாத்திக் கொடுத்திருப்போம். இப்ப 90 நாள் தாண்டி என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆயிடுச்சு, சிஸ்டம் விடாது.” நான் தேடிப்போன அதே ஒருங்கிணைப்பு, 731 ஸ்கோர் இருந்தபோது என் கார்டு பேங்க்கிலேயே இருந்திருக்கிறது. இந்த நிறுவனங்கள் செய்கிற உண்மையான சேதம் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டணம் போனால் போகிறது. நியாயமான வழிகள் திறந்திருக்கும் நேரத்தில், தவணையை நிறுத்தச் சொல்லி அவற்றை நம் கையாலேயே மூடவைத்துவிடுகிறார்கள்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால், இவர்கள் பேங்க்கும் இல்லை, என்பிஎஃப்சியும் (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இல்லை, அதனால் அந்த வரம்புக்குள் வரவில்லை. ‘ஆர்பிஐ விதிப்படி இயங்குகிறோம்’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது வெறும் ஜிஎஸ்டி சான்றிதழும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழும்தான். டீக்கடைக்குக்கூட அவை இரண்டும் இருக்கலாம். கடன் தள்ளுபடி என்று விளம்பரம் செய்து கட்டணம் வாங்குகிறவர்களிடம் போக வேண்டாம் என்று 2023 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு ஃபண்டிலிருந்து 31,000 திரும்ப வந்தது. மீதி ‘வெளியேறும் கட்டணம்’ என்று கழித்துக்கொண்டார்கள்.

கடன் எப்படி அடைந்தது என்று கேட்பீர்கள். மனைவியின் நகையை பேங்க்கில் வைத்தோம், ஆண்டுக்கு ஒன்பது சதவீதச் சொச்சம் வட்டி. கார்டு வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம் என்பதால் அதில் யோசிக்க எதுவும் இல்லை. இரண்டு கார்டை முழுசாக அடைத்து பாக்கி எதுவும் இல்லை என்ற என்ஓசி கடிதம் வாங்கினேன். மூன்றாவதில் பேங்க்கே நேரடியாக ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு தன் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுத்தது. பணம் என் கார்டு கணக்குக்கே நேராகப் போனது, நடுவில் யாருக்கும் ஒரு பைசா இல்லை. அது மட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று நிற்கிறது, ‘க்ளோஸ்டு’ ஆகவில்லை. முழுசாகக் கட்டவில்லை, குறைத்துக் கட்டி முடித்தது என்று அர்த்தம். வீட்டுக்கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும். இந்த வித்தியாசத்தைப் பற்றி அந்தப் பையன் மூச்சே விடவில்லை. தவறவிட்ட தவணைகளைக் கட்டி பர்சனல் லோனை மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

செலவுப் பழக்கத்தை மாற்றவும் அவர்கள் ‘வழிகாட்டுவதாக’ச் சொல்லியிருந்தார்கள். வந்தது ஓர் எக்செல் ஷீட், நான் நிரப்பி அனுப்பினேன், யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் உருப்படியாக மாறியவை சின்ன விஷயங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்திருந்த கார்டு விவரங்களை எல்லாம் அழித்தோம். பேங்க் ஆப்பில் கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை ‘ஆஃப்’ செய்தோம். ஜிபேக்குத் தனிக் கணக்கு, அதில் ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துக்கான பணம் மட்டும் போகும். வியாழக்கிழமையே தீர்ந்தால் வெள்ளிக்கிழமை பிரியாணி இல்லை, அவ்வளவுதான். நோ காஸ்ட் இஎம்ஐயில் ஃபிரிட்ஜ், போன் எடுப்பது நின்றது. அதிலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு, பில்லைப் புரட்டினால் தெரியும். மொய்ச் செலவை மட்டும் எங்களால் குறைக்க முடியவில்லை. வைகாசியில் கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அது நடக்காது.

ஏற்கெனவே இப்படி எங்காவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? முதலில் போனில் ##002# அடித்து கால் ஃபார்வர்டை எடுங்கள். உங்கள் பேங்க்குக்குப் போய், அந்த நிறுவனம் மாதாமாதம் பணம் எடுக்க நீங்கள் அனுமதி கொடுத்திருக்கும் ஆட்டோ டெபிட் மேண்டேட்டை ரத்து செய்யுங்கள். பிறகு கடன் கொடுத்த ஒவ்வொரு பேங்க்குக்கும், இனி என் சார்பில் யாரும் பேச அனுமதி இல்லை, நானே பேசுகிறேன் என்று ஒரு மெயில் போடுங்கள். தவணை நின்று 90 நாள் ஆகவில்லை என்றால் மெயிலோடு நிற்காமல் அன்றே கிளைக்குப் போய்விடுங்கள்.