பூட்-ரிப்பேர்: கிரப் போனால் கைகொடுக்கும், வட்டு போனால் இல்லை

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) எழாமல் 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை நிற்கிறதா? கிரப் என்பது கணினி எழும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல். அது கெட்டிருந்தால் பூட்-ரிப்பேர் என்ற இந்த இலவசக் கருவி பெரும்பாலும் போதும். லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே உபுண்டு ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து, இணையம் இணைத்து, கருவியின் பிபிஏவை (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) சேர்த்து, கருவியை நிறுவி, 'ரெகமண்டட் ரிப்பேர்' அழுத்துங்கள். கிரப்பை மறுபடி நிறுவி மெனுவையும் புதுப்பித்துவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) முறையில் உபுண்டு நிறுவிய கணினி என்றால் பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்ய வேண்டும். லெகசியில் (பழைய பயாஸ் முறை) எழுப்பினால் மதர்போர்டின் பூட் பட்டியலில் பதிவு எழுத வழியில்லை; எத்தனை முறை அழுத்தினாலும் வீண்.

திரை 'இனிட்ராம்எஃப்எஸ்' (பூட் தொடக்கத்தில் வரும் தற்காலிகச் சூழல்) என்று நின்றால் பூட்-ரிப்பேரைத் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் கோப்பு முறைமைப் பழுது. பார்ட்டிஷனை (வட்டின் பகுதி) மவுண்ட் செய்யாமல், அதாவது பயன்பாட்டில் இணைக்காமல், எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் கட்டளை) ஓட்டுங்கள். எமர்ஜென்சி மோடுக்குப் போனால் எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்தப் பார்ட்டிஷன்களை இணைப்பது என்ற பட்டியல் கோப்பு) உள்ள யுயுஐடியை (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) சரிபாருங்கள். பழைய வட்டைக் கழற்றிவிட்டு அந்தக் கோப்பில் அதற்குரிய வரியை நீக்க மறப்பது வழக்கமான கூத்து.